கோடு போட்டால் தெரியும்

வடசென்னைக்காரர்களுக்கு லாரியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராயபுரத்தில் ஆரம்பித்து, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போகிற பாதையில், கன்டெய்னர் லாரி கண்ணில் படாமல் ஒரு நாளைத் தள்ளிவிட முடியாது. துறைமுக வாசலுக்காக வரிசை கட்டி நிற்கும். கிளீனர் பையன் டயரைத் தட்டிப் பார்ப்பான். டிரைவர் டீ குடிப்பார். வரிசை நகராது.

லாரிக்கும் இந்த ஏரியாவுக்கும் உள்ள உறவு அதோடு முடியவில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனிதான், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. பக்கத்திலேயே திருவொற்றியூர். அங்கே 1946-ல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார் மாம்மன் மாப்பிள்ளை. அதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயர். என்ஃபீல்ட் புல்லட்டும் இதே திருவொற்றியூர்ப் பிள்ளைதான்.

இந்த மாதிரித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு இரும்பு அச்சைக் கடைந்து எடுத்தால், அது சரியாக இருக்கிறதா என்று சொல்ல ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம் தேவையில்லை. காலிப்பரை வை, மைக்ரோமீட்டரை வை, கேஜை மாட்டு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் தெரிந்துவிடும். சரக்கு ஓகே அல்லது தள்ளுபடி. வாக்குவாதமே கிடையாது.

ஆனால் இன்றைய லாரியில் இரும்பு மட்டும் ஓடவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 என்ற புகை விதி அமலுக்கு வந்துவிட்டது. எந்தக் கணத்தில் எவ்வளவு டீசலை எஞ்சினுக்குள் தெளிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குள்ளே இருப்பது சாஃப்ட்வேர். யாரோ ஒருவர், எங்கேயோ ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எழுதிய வரிகள்.

அதற்கு எடை கிடையாது. நீளம் கிடையாது. தட்டிப் பார்த்தால் சத்தம் வராது. காலிப்பரை எங்கே வைப்பது?

சும்மா கேட்கிற கேள்வி இல்லை இது. கோர்ட் வரை போன கேள்வி.

*

2007-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு டொயோட்டா கார் தறிகெட்டு ஓடி மோதியது. ஓட்டி வந்த பெண்மணிக்குப் படுகாயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இறந்துபோனார். கார் தானாகவே வேகம் எடுத்தது என்று வழக்கு.

அந்தக் காலகட்டத்தில் இதே மாதிரிப் புகார்கள் நிறைய வந்திருந்தன. அமெரிக்க அரசு, நாசா விஞ்ஞானிகளையே அழைத்து ஆராயச் சொன்னது. எலெக்ட்ரானிக்ஸ்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011-ல் அறிக்கை வந்தது. ஆனால் ஓக்லஹோமா வழக்கில், காரின் சாஃப்ட்வேரை மாதக்கணக்கில் பிரித்து மேய்ந்த மைக்கேல் பார் என்ற நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

அவர் ஜூரிகளிடம் வைத்த விஷயங்களில் ஒன்று, சில எண்கள். இந்த புரோகிராமில் 67 பகுதிகளின் சிக்கல் அளவு 50-க்கு மேல். ஆக்ஸிலரேட்டர் கோணத்தைக் கணக்குப் போடுகிற பகுதியின் சிக்கல் அளவு 100-க்கும் மேல். 50-ஐத் தாண்டினாலே முழுசாகச் சோதித்துப் பார்ப்பது நடக்காத காரியம். 100-ஐத் தாண்டினால் கை வைத்துத் திருத்துவதே ஆபத்து.

2013 அக்டோபரில் ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்த விபத்துக்கு சாஃப்ட்வேர்தான் காரணமா என்பதில் நிபுணர்கள் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. அது தனிக் கதை. நமக்கு இங்கே முக்கியமான சமாசாரம் வேறு. கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்குக்கு, கோர்ட்டில் காட்டுகிற மாதிரி ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவு எங்கிருந்து வந்தது?

*

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1924 மே 16.

அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் தயாரித்துக்கொண்டிருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி. அங்கே வால்டர் ஷூஹார்ட் என்ற முப்பத்து மூன்று வயது இளைஞர், தன் மேலதிகாரிக்கு ஒரே ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அதில் ஒரு படம். கிடைமட்டமாக ஒரு நடுக்கோடு, மேலே ஓர் எல்லைக்கோடு, கீழே ஓர் எல்லைக்கோடு. நடுவில் புள்ளிகள்.

அவ்வளவுதான். தொழிற்சாலைகளின் தலையெழுத்தை மாற்றிய படம் அது.

அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சரக்கு முழுக்கத் தயாரானதும், கடைசியில் ஒருவர் உட்கார்ந்து நல்லது, கெட்டது என்று பொறுக்குவார். ஷூஹார்ட் சொன்னது, 'ஒரு சரக்கை ஒரு தடவை அளந்து என்ன பிரயோஜனம்? வரிசையாக அளந்துகொண்டே வா. ஒவ்வொரு அளவையும் தேதி வாரியாகப் புள்ளி வை. புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார். மெஷின் கெட்டுப்போவதற்கு முன்னாலேயே படம் சொல்லிவிடும்.'

டாக்டரிடம் போனால் 'இன்னைக்கு சுகர் 140' என்பது ஒரு தகவல். போன வருஷம் 100, ஆறு மாசம் முன்னால் 120, இப்போது 140 என்பது வேறு ஜாதித் தகவல். முதலாவது போட்டோ. இரண்டாவது சினிமா.

இந்த ஷூஹார்ட்டை இந்தியாவுக்கு அழைத்து வந்தவர் நம்ம பி.சி. மகலனோபிஸ். கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தவர். 1947-48-ல், சுதந்திரம் கிடைத்த சூட்டோடு, ஷூஹார்ட் இங்கே வந்து தொழிற்சாலைகளுக்குத் தன் வித்தையைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சிஷ்யர் எட்வர்ட்ஸ் டெமிங், 1950-ல் ஜப்பானுக்குப் போய் அதே பாடத்தை நடத்தினார். ஜப்பான்காரர்கள் பாடத்தைப் பிடித்துக்கொண்டதோடு, அடுத்த வருஷமே டெமிங் பெயரில் ஒரு பரிசும் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பரிசு முதல் தடவையாக ஓர் இந்தியக் கம்பெனிக்கு வந்தது 1998-ல். எங்கே தெரியுமா? நம்ம பாடி. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பிரேக் செய்கிற இடம். ஷூஹார்ட் 1924-ல் வரைந்த கோடு, 74 வருஷம் உலகம் சுற்றி, திருவொற்றியூருக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து சேர்ந்தது.

*

சாஃப்ட்வேர்காரர்கள் மட்டும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆனது. எதை அளப்பது என்பதே அவர்களுக்குப் புரியவில்லை.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் என்ற மலை ஊரில் நேட்டோ ஒரு மாநாடு நடத்தியது. கம்ப்யூட்டர்கள் பெரிசாகிக்கொண்டே போகின்றன, அவற்றுக்கான புரோகிராம்கள் சொன்ன நாளில் முடிவதில்லை, சொன்ன செலவில் முடிவதில்லை, முடிந்தாலும் ஒழுங்காக ஓடுவதில்லை என்று எல்லோரும் புலம்பினார்கள். 'சாஃப்ட்வேர் எஞ்சினீயரிங்' என்ற பெயர் பிரபலமானது அங்கேதான். எஞ்சினீயரிங் என்று பெயர் வைத்தாகிவிட்டது. அப்படியானால் அளவுகோல் வேண்டுமே?

முதலில் கையில் கிடைத்தது, வரிக் கணக்கு. அப்போதெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகளில்தான் புரோகிராம். ஓர் அட்டைக்கு ஒரு வரி. அட்டைக் கட்டை எண்ணினால் வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். துறைமுகத்தில் டாலி கிளார்க் மூட்டை எண்ணுகிற மாதிரி.

இது எவ்வளவு அபத்தம் என்பதற்கு ஒரு பிரபலமான கதை இருக்கிறது. 1982. ஆப்பிள் கம்பெனியில் பில் அட்கின்சன் என்ற கில்லாடி புரோகிராமர். வாரா வாரம் எத்தனை வரி எழுதினாய் என்று ஃபாரத்தில் நிரப்பச் சொன்னது நிர்வாகம். மனுஷர் அந்த வாரம் பழைய பகுதி ஒன்றை முழுசாக மாற்றி எழுதியிருந்தார். வேகம் பல மடங்கு கூடியது. வரிகளோ இரண்டாயிரம் குறைந்தது. ஃபாரத்தில் என்ன போட்டார் தெரியுமா? மைனஸ் 2000! கொஞ்ச நாளில், அவர் மட்டும் அந்த ஃபாரம் நிரப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம்.

வரி எண்ணுவதை விட உருப்படியான வழி 1976 டிசம்பரில் வந்தது. தாமஸ் மெக்கேப் என்ற கணிதக்காரர் எழுதிய கட்டுரை. எத்தனை வரி என்று பார்க்காதே, எத்தனை கிளை பிரிகிறது என்று பார் என்றார்.

துறைமுக வாசலையே எடுத்துக்கொள்வோம். லாரி வருகிறது. பேப்பர் இருக்கிறதா? இல்லையென்றால் திருப்பி அனுப்பு. இருந்தால், எடை சரியா? இல்லையென்றால் திருப்பி அனுப்பு. சரியென்றால், டிரைவரிடம் பாஸ் இருக்கிறதா? இல்லையென்றால் திருப்பி அனுப்பு. எல்லாம் சரி, உள்ளே போ. மொத்தம் 3 கேள்வி. லாரிக்கு 4 விதமான விதி. கேள்விகளை எண்ணி ஒன்றைக் கூட்டினால் மெக்கேப் எண்.

இதை எதற்கு எண்ண வேண்டும்? வாசலில் வேலைக்குச் சேர்ந்த புது ஆசாமி சரியாக வேலை செய்கிறாரா என்று பார்க்க, குறைந்தது 4 லாரிகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். கேள்வி 30 ஆனால் 31 லாரி. கேள்விக்குள் கேள்வி, அதற்குள் ஒரு விதிவிலக்கு என்று போனால், வாசலில் நிற்கிறவருக்கே தலை சுற்றும். ஒரு பகுதிக்கு இந்த எண் 10-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மெக்கேப். டொயோட்டா வழக்கில் 50, 100 என்று பேசினார்களே, அது இந்த எண்தான்.

அடுத்த வருஷமே மாரிஸ் ஹால்ஸ்டெட் என்பவர், புரோகிராமில் வருகிற குறிகளையும் பெயர்களையும் எண்ணி, படிக்க எவ்வளவு மூளை செலவாகும் என்று ஒரு கணக்குச் சொன்னார். 1992-ல் இவை எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கலந்து 'பராமரிப்புக் குறியீடு' ஒன்று வந்தது. ஆக, காலிப்பர் தயார்.

*

காலிப்பர் இருந்தால் போதுமா? யார் அளப்பது, எப்போது அளப்பது?

இங்கே வருகிறார் வாட்ஸ் ஹம்ஃப்ரி. ஐ.பி.எம்.மில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, 1986-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்வேர் எஞ்சினீயரிங் கழகத்துக்கு வந்தவர். டெமிங், ஷூஹார்ட் பாடத்தை சாஃப்ட்வேருக்குத் தூக்கிக்கொண்டு வந்தது அவர்தான். ஒரு கம்பெனி எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு 5 படிகள். அதுதான் 90-களின் கடைசியில் நம் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமாக வந்த 'லெவல் 5'. பெங்களூரில் மோட்டோரோலாவின் சாஃப்ட்வேர் மையம் 1994-லேயே அதை வாங்கிவிட்டது. அதற்கப்புறம் இந்தியாவில் போட்டா போட்டி. சென்னை மட்டும் சும்மா இருக்குமா? 2000-ல் மனுஷர் பெயரிலேயே இங்கே 'வாட்ஸ் ஹம்ஃப்ரி சாஃப்ட்வேர் குவாலிட்டி இன்ஸ்டிட்யூட்' உதயமானது.

ஹம்ஃப்ரி ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு புரோகிராமரும் தன் தப்புகளைத் தானே தினமும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நோட்டு அவருடைய சொந்த நோட்டு. மேனேஜர் அதைப் பார்த்துச் சம்பளம் போடக் கூடாது. ஏன் இப்படிச் சொன்னார் என்பதற்குக் கடைசியில் வருவோம்.

பிரச்னை என்னவென்றால், தினமும் கையால் குறிக்க யாருக்கும் பொறுமை இல்லை. முதல் வாரம் உற்சாகம். இரண்டாவது வாரம் ஞாபகம் இருந்தால். மூன்றாவது வாரம் நோட்டைக் காணோம். ஜனவரி டைரி மாதிரிதான்.

இதற்குத் தீர்வு, யாரும் எதிர்பார்க்காத ஒரு பக்கத்தில் இருந்து வந்தது.

*

காமர்ஸ் படித்தவர்களுக்கு நாட்குறிப்பேடு தெரியும். எந்தத் தேதியில், யார், எதற்காக, எவ்வளவு. வரிசையாக எழுதிக்கொண்டே போக வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. கீழே ஒரு திருத்தப் பதிவு போட்டு நேர் செய்ய வேண்டும். ஆடிட்டர் வந்து கேட்டால், எந்த நாளில் நிலைமை எப்படி இருந்தது என்று புரட்டிக் காட்ட முடிய வேண்டும்.

புரோகிராமர்களுக்கும் இப்படி ஒரு பேரேடு தேவைப்பட்டது. பத்துப் பேர் ஒரே ஃபைலில் கை வைக்கிறார்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை. யார் எதை மாற்றினார்கள்? 1972-ல் மார்க் ராக்கைண்ட் என்பவர் இதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் எழுதினார். எங்கே உட்கார்ந்து? பெல் ஆய்வுக்கூடத்தில். ஷூஹார்ட் முப்பது வருஷம் வேலை பார்த்த அதே பெல். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் 2005 ஏப்ரலில் லினக்ஸ் புகழ் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய 'கிட்' வந்தது. இன்று உலகத்தின் பெரும்பாலான புரோகிராம்கள் குடியிருப்பது அதில்தான்.

இப்படிச் சேர்த்து வைக்கிற இடத்துக்கு ரெபாசிட்டரி என்று பெயர். நம்ம ஏரியா பாஷையில், குடோன். ஆனால் விசேஷமான குடோன். சாதாரண குடோனில் இன்று என்ன சரக்கு இருக்கிறது என்றுதான் பார்க்க முடியும். இதில் 2019 தீபாவளிக்கு முதல் நாள் எப்படி இருந்ததோ, அச்சு அசலாக அப்படியே திரும்பக் கொண்டுவந்து நிறுத்தலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிவு. பெயர், தேதி, நேரம், காரணம். இந்தப் பதிவுக்குப் பெயர் கமிட்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கையில் மெக்கேப்பின் காலிப்பர். இன்னொரு கையில், எல்லா நாளின் சரக்கையும் பத்திரமாக வைத்திருக்கும் குடோன். ஒவ்வொரு பழைய பதிவுக்கும் போய், அன்றைய சரக்கை அளந்து, தேதி வாரியாகப் புள்ளி வைத்தால்? ஷூஹார்ட்டின் படம்!

இதைச் செய்ய இன்று இலவசமாகவே கருவிகள் கிடைக்கின்றன. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1989 கிறிஸ்துமஸ் லீவில் பொழுது போகாமல் நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராஸம் ஆரம்பித்து, 1991 பிப்ரவரியில் வெளியிட்ட மொழி. பாம்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மான்ட்டி பைத்தான் என்ற டி.வி. நகைச்சுவைக் குழுவின் பெயர். அந்த மொழியில் எழுதியதை அளக்க 'ரேடான்' என்று ஒரு பொதி இருக்கிறது. மெக்கேப் எண், ஹால்ஸ்டெட் கணக்கு, பராமரிப்புக் குறியீடு எல்லாம் கண நேரத்தில் சொல்லும். ஸ்கூல் ரேங்க் கார்டு மாதிரி கிரேடும் போடும். மெக்கேப் எண் 1 முதல் 5 வரை ஏ. 6 முதல் 10 வரை பி. 41-க்கு மேல் போனால் எஃப்.

ரேடான் எடுப்பது போட்டோ. அதை சினிமாவாக்க 2018-ல் வந்தது 'வைலி' என்ற இன்னொரு பொதி. கிட் குடோனில் கமிட் கமிட்டாகப் பின்னோக்கிப் போகும். ஒவ்வொன்றிலும் நின்று ரேடானை வைத்து அளக்கும். அளந்ததை ஒரு பக்கம் சேமித்து வைக்கும். அப்புறம் எந்த ஃபைலைக் கேட்டாலும் அட்டவணையாகவோ படமாகவோ வரைந்து காட்டும். புதிதாக எழுதியதைக் குடோனில் போடுவதற்கு முன்னால், இதனால் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் சொல்லிவிடும்.

ஒரு கற்பனை உதாரணம். ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். பில் போடுகிற புரோகிராமுக்கு 2016-ல் எண் 6. எடை, தூரம், வாடகை. சுலபமான விஷயம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. வெளிமாநிலம் என்றால் ஒரு வரி, உள்மாநிலம் என்றால் இரண்டு வரி. எண் 11. அப்புறம் பெரிய கஸ்டமர் ஒருவருக்கு மட்டும் ஒரு சலுகை. 14. முதலாளியின் மச்சான் கம்பெனிக்குத் தனிக் கணக்கு. 19. பழைய பாக்கி இருந்தால் இப்படி, ஆனால் மார்ச் மாதம் என்றால் அப்படி. 27.

இதில் எந்த நாளிலும் யாரும் பெரிய தப்புப் பண்ணவில்லை, கவனித்தீர்களா? ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு சின்ன 'அட்ஜஸ்ட்மென்ட்'. 27 என்ற எண்ணை மட்டும் பார்த்தால், கடைசியாகக் கை வைத்தவரைத் திட்டுவோம். படத்தைப் பார்த்தால்தான், 11-லேயே யாராவது 'நிறுத்துப்பா, இதைப் பிரித்து எழுதுவோம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது புரியும்.

*

எல்லாம் சரி. இந்த எண்ணைக் காட்டி புரோகிராமருக்கு போனஸ் கொடுத்துவிடலாமா?

கொடுத்துப் பாருங்கள். அடுத்த மாசமே எல்லா ஃபைலும் ஏ கிரேடு வாங்கியிருக்கும். 20 கிளை உள்ள ஒரு பகுதியைக் கண்டபடி நறுக்கி, ஐந்து துண்டாகப் போட்டால் ஒவ்வொன்றும் ஏ. படிக்கிறவர் ஐந்து இடத்துக்கு ஓட வேண்டும். சிக்கல் அங்கேயே இருக்கும். எண் மட்டும் அழகாகிவிடும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்து எழுதியிருந்தாலும், மெக்கேப் எண் கண்டுபிடிக்காது. அது வழிகளை எண்ணும். வழி சரியான ஊருக்குப் போகிறதா என்று பார்க்காது.

1975-ல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர், பணப்புழக்கத்தைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் சொன்னார். ஒரு கணக்கை வைத்து ஆட்களைக் கட்டுப்படுத்த ஆரம்பித்தால், அதுவரை உண்மை பேசிக்கொண்டிருந்த அந்தக் கணக்கு பேச்சை மாற்றிவிடும். ஹம்ஃப்ரி நோட்டை மேனேஜரிடம் காட்டாதே என்றது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? தெர்மாமீட்டர் ஜுரம் பார்க்கத்தான். ஜுரம் இல்லாதவருக்குப் பரிசு என்று அறிவித்தால், எல்லோரும் ஐஸை வாயில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

இன்னொரு தொல்லை, அளவுகோலையே மாற்றுவது. இதற்கு உதாரணம் தேட அமெரிக்கா போக வேண்டாம். மணலிக்குப் போனால் போதும்.

2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தது. காற்று, நீர், நிலம் எல்லாவற்றின் கேட்டையும் ஒரே எண்ணாக்கி, நாடு முழுக்க 88 தொழிற்பேட்டைகளுக்கு மார்க் போட்டது. 70-க்கு மேல் வாங்கினால் 'மிக மோசம்'. மணலி 76.32. 2010 ஜனவரியில், மோசமான பட்டியலில் இருந்த ஊர்களில் புதுத் தொழிற்சாலைக்கு அனுமதி கிடையாது என்று தடை வந்தது. பாருங்கள், அளவு இலக்காகிவிட்டது. 2016-ல் சூத்திரத்தையே திருத்தினார்கள். 2018-ல் புதுச் சூத்திரப்படி மணலி 80-ஐத் தாண்டியது. அப்படியானால் நிலைமை மோசமாகிவிட்டதா? இல்லை, படி மாறியதால் எடை மாறியதா? இரண்டு எண்ணையும் வைத்து ஒரு கோடு இழுக்க முடியாது. நேற்று படியில் அளந்ததையும் இன்று லிட்டரில் அளந்ததையும் கழித்துப் பார்க்கிற கதை.

சாஃப்ட்வேரிலும் அளவுகோல் மாறுகிறது. ஆனால் அங்கே ஒரு பாக்கியம் உண்டு. புதுக் காலிப்பர் வந்தால், குடோனைத் திறந்து முதல் நாளில் இருந்து மறுபடி அளந்துகொள்ளலாம். 2009-ன் சரக்கு 2009-ல் இருந்தபடியே கிடைக்கும்.

காற்றுக்கு அந்த வசதி கிடையாது.

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் கரையை ஒட்டிக் கடலுக்கடியில் இருந்த அமோனியாக் குழாயில் கசிவு. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அப்போதே வந்து அளந்தது. தொழிற்சாலை வாசலருகே ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா. இருக்கலாம் என்று அனுமதித்தது 400. அந்த நேரத்தில் ஒருவர் கருவியோடு வந்து நின்றதால் அந்த எண் நமக்குக் கிடைத்தது. அவர் காலையில் வந்திருந்தால்? கடல்காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருக்கும். 'நாத்தம் தாங்கலை சார்' என்ற சொல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். சொல்லை வைத்துக்கொண்டு எந்த ஆபீஸ் படியிலும் ஏற முடியாது என்பது எண்ணூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான், நேற்றையதை இன்றும் அளக்கிற வரம் வாங்கிவிட்டு, அளக்காமல் இருக்கிற சாஃப்ட்வேர்காரர்களைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கருவி இலவசம். குடோன் திறந்தே கிடக்கிறது. ஒரு ராத்திரி ஓடவிட்டால் காலையில் படம் தயார். லாரி பிரேக்கில் ஆரம்பித்து ஆஸ்பத்திரி மெஷின் வரை அவர்கள் எழுதிய வரிகளை நம்பித்தான் நாம் எல்லோரும் நடமாடுகிறோம்.

நாமும் ஒரு வேலை செய்யலாம். சாஃப்ட்வேரோ, காற்றோ, கம்பெனி லாபமோ, பையனின் மார்க்கோ, ஒற்றை எண்ணை நீட்டி 'பார்த்தீர்களா' என்று யாராவது பெருமைப்பட்டால், உடனே கைதட்ட வேண்டாம். இரண்டே இரண்டு கேள்வி போதும்.

'போன மாசம் எவ்வளவு? அப்பவும் இதே கோல்ல தான் அளந்தீங்களா?'